கல் அப்படியே இருக்கட்டும்

சிங்குக்கு அடியில் இருக்கிற அலுமாரிக்குள் நாலைந்து அரிசிமணி கிடந்தது. எலிதான் என்று அம்மா முடிவெடுத்துவிட்டார். பொறி வைத்தோம், கருவாட்டுத் துண்டும் கொழுவினோம். மூன்று நாளாகியும் எலி வரவில்லை, அரிசி மட்டும் வந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி அலுமாரிக்குள் தலையை விட்டு மேலே பார்த்தேன். குசினி மேடையில் போட்ட கிரனைட் கல்லின் அடிப்பக்கத்திலிருந்து பாம்புச் சட்டை மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சிலிக்கன் பசை. கல்லுக்கும் சிங்கின் விளிம்புக்கும் நடுவே, முன்பக்கம் முழுக்க ஒரு கறுப்புக் கோடு. பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்து அந்த இடைவெளிக்குள் வைத்தேன். எங்கும் முட்டாமல் உள்ளே போனது.

கல்லின் மேல் சிந்துகிற தண்ணீரை அம்மா உள்ளங்கையால் சிங்குக்குள் வழித்துவிடுவார். அந்தத் தண்ணீர் கல்லின் ஓரத்தைச் சுற்றி வளைந்து, அடிப்பக்கத்தோடு ஒட்டியபடியே ஓடி, அந்த இடைவெளியில் இறங்கியிருக்கிறது. கேத்தல் மூக்கிலிருந்து கடைசிச் சொட்டு கோப்பையில் விழாமல் மூக்கின் அடியோடு ஓடுமே, அது போலத்தான். அரிசி கழுவிய தண்ணீரோடு அரிசியும் போயிருக்கிறது.

எங்கள் சிங்க் 28 அங்குல நீளம், 16 அங்குல அகலம், 8 அங்குல ஆழம். நிரப்பினால் 50 லீற்றருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். அதாவது 50 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தை அந்த நேரத்தில் தாங்கிக்கொண்டிருந்தது பின்பக்கத்துச் சிலிக்கனும் இரண்டு கொழுவிகளும்தான். அன்றைக்கே ஒரு பெயின்ற் வாளியையும் அதன்மேல் இரண்டு பலகைத் துண்டுகளையும் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு ஆள் தேடத் தொடங்கினேன்.

முதலில் வந்த பாஸ் அலுமாரிக் கதவைக்கூடத் திறக்கவில்லை. கல்லை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இத உடைச்சு எடுக்காம ஏலாது தங்கச்சி. அடியால ஒட்டின சிங்க். கல்ல தூக்கினாத்தான் கழட்டலாம்" என்றார். இரண்டாவது வந்தவர் கல்லின் மேலே விளிம்பு உட்காருகிற சிங்க் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார். அது செய்யக்கூடிய வேலைதான், தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விளிம்பு கல்லுக்கு மேலே எழும்பி நிற்கும். தண்ணீரை வழித்துவிட முடியாது, விளிம்பைச் சுற்றி எந்நேரமும் ஈரமும் அழுக்கும் நிற்கும். அம்மாவின் கை பதினான்கு வருடமாகப் பழகிய பழக்கத்தை ஒரு சிங்குக்காக மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்றாவதாக நான் போய்க் கேட்ட கடையில், பழையதை முழுக்கக் கழற்றி எறிந்துவிட்டுச் செயற்கைக் குவாட்ஸ் தட்டுப் போடுங்கள், பளிங்கு மாதிரி இருக்கும் என்றார்கள்.

அந்தக் குவாட்ஸ் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குவாட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்கிற தட்டு அது. அதில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. கிரைண்டரால் அதை உலர வெட்டும்போது எழும்புகிற தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. அது நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கித் தழும்பாகிவிடும். சிலிக்கோசிஸ் என்கிற அந்த வருத்தத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வெட்டுகிற தொழிலாளர்கள் இளம் வயதிலேயே அதில் விழுந்ததைப் பார்த்துத்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தத் தட்டையே தடை செய்தது. நம் ஊரில் துணியொன்றை மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வைத்து வெட்டுகிறார்கள். இயற்கைக் கிரனைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு, அவ்வளவுதான். எதை வெட்டினாலும் தண்ணீர் ஊற்றி வெட்டவேண்டும். வெட்டாமல் இருக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறொன்றுமில்லை. என் குசினி பளிங்கு மாதிரி இருக்க இன்னொருவர் வீட்டுப் பிள்ளை தூசி குடிக்கவேண்டுமா என்று யோசித்தபடிதான் அந்தக் கடைப் படியிறங்கினேன்.

இந்தக் கல்லை விட்டுக்கொடுக்க மனமில்லாததற்குக் காரணம் அப்பா. எங்கள் வீடு திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கம், கடற்கரைக்கு நடந்துபோக ஐந்து நிமிடம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்கள் வளவுக்குள்ளும் வந்தது. ஆட்கள் தப்பினோம். குசினியின் பலகை மேசை, மர அலுமாரி, அம்மாவின் திருவலை, எல்லாம் சேறாகிப் போயின. அதன்பிறகு பல வருடம் சீமெந்துத் திண்ணையில்தான் சமையல். யுத்தம் முடிந்தபின், 2010-இல், ஓய்வூதியத்தோடு கிடைத்த மொத்தக் காசில் ஒரு பங்கை எடுத்து அப்பா கொழும்பிலிருந்து லொறியில் கல் இறக்கினார். கறுப்பில் சாம்பல் புள்ளி போட்ட கல். "திரும்பக் கடல் வந்தாலும் கல்லு நிக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வாங்கினார். பத்தடி நீளம், இரண்டடி அகலம், 20 மில்லிமீற்றர் தடிப்பு. கிரனைட் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 2,700 கிலோ. அந்தக் கணக்கில் எங்கள் தட்டு சுமார் 100 கிலோ. ஆறு பேர் அதைக் கிடையாகப் பிடிக்காமல், கண்ணாடி தூக்குவது போலச் செங்குத்தாகப் பிடித்து உள்ளே கொண்டுவந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏன் செங்குத்தாக என்பதில்தான் 'உடைத்து எடுக்கலாம்' என்ற பேச்சுக்குப் பதில் இருக்கிறது. கல் அழுத்தத்துக்குச் சளைக்காது, வளைவுக்குத் தாங்காது. தட்டின் நடுவில் சிங்குக்காக ஒரு பெரிய ஓட்டை வெட்டியபின் அதன் முன்னால் மிஞ்சுவது இரண்டரை அங்குல அகலமுள்ள ஒரு கீற்றுத்தான், பின்னால் இன்னொரு கீற்று. நூறு கிலோத் தட்டைத் தூக்கினால் அத்தனை பாரமும் அந்த இரண்டு கீற்றுகளின் மூலைகளில் வந்து நிற்கும். போதாததற்கு எங்கள் வீட்டில் சுவர் டைல்ஸின் கடைசி வரிசை கல்லின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. கல்லைத் தூக்க முதலில் டைல்ஸை உடைக்கவேண்டும், பிறகு நெம்பவேண்டும், நெம்புகிறபோது முன்கீற்று வெடிக்கும். அந்த முதல் பாஸ் 'உடைச்சு எடுக்கிறது' என்று சொன்னது உண்மையில் உடைப்பதைத்தான். திரும்ப வைப்பதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அதனால் முடிவெடுத்தேன். அலுமாரியை வெட்டலாம், குழாயைக் கழற்றலாம், சிங்கை எறியலாம். கல்லில் மட்டும் கை வைப்பதில்லை.

அடுத்தது சிங்க். பழையது கடையில் '304' என்று சொல்லித் தந்தது. பதினான்கு வருடத்தில் அதன் அடியில் மிளகளவு கபிலப் புள்ளிகள் விழுந்துவிட்டன, இரண்டு இடத்தில் ஊசித்துளையே போட்டுவிட்டது. கறள் பிடிக்காத இரும்பு என்கிறோம். கறள் பிடிக்காமல் அதைக் காப்பது அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் கட்டுகிற மெல்லிய படலம். 304 என்ற தரத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை கூடியது என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்துச் செய்வது 200 வரிசைத் தகடு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உப்பிலுள்ள குளோரைட் அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும், தரம் குறைந்த தகட்டில் சீக்கிரமாகத் துளைக்கும். நாங்கள் கடற்கரையில் இருக்கிறோம், நாளுக்கு இரண்டு தடவை மீன் கழுவுகிறோம், உப்புப் போட்டுக் கணவாய் தேய்க்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா வெளிற்றும் திரவத்தை ஊற்றி ஊறவிடுவதும் உண்டு. அதிலும் குளோரின்தான். 316 என்றொரு தரம் இருக்கிறது, மொலிப்டினம் சேர்த்தது, உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும். வீட்டுச் சிங்காக அது நான் போன கடை எதிலும் இருக்கவில்லை.

கடைகளில் எனக்குக் காந்தம் ஒட்டிக் காட்டினார்கள். "பாருங்க மிஸ், ஒட்டேல்ல. 304." இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். 304-இலும் காந்தம் ஒட்டாது, 200 வரிசையிலும் ஒட்டாது. நிக்கலே இல்லாத வேறொரு மலிவான வகையைத்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். அதோடு, நல்ல 304 தகட்டைக்கூட அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் இலேசாகப் பிடிக்கும், அதைக் கண்டு பயந்து நல்லதை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. நான் கேட்டது ஒன்றுதான்: "பில்லில 304 எண்டு எழுதித் தருவீங்களா?" இரண்டு கடைகளில் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். மூன்றாவது கடையில் எழுதித் தந்தார்கள்.

எழுதித் தந்த கடைக்கு நான் கையில் ஒரு மட்டையோடுதான் போயிருந்தேன். புதிய சிங்க் வாங்கி அதற்கேற்ப ஓட்டை வெட்டுவதுதான் வழக்கம். எனக்கோ ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, அதற்கேற்ற சிங்க் வேண்டும். அதனால் பெட்டி மட்டை ஒன்றை விரித்து, கல்லின் ஓட்டை வழியாகப் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டி எடுத்தேன். (முதல் மட்டையை மதிலோரம் சாத்தி வைத்துவிட்டுக் குடையெடுக்க உள்ளே போன நேரத்தில் தெருவில் திரிகிற மான் ஒன்று ஒரு மூலையைச் சப்பிவிட்டது. திருகோணமலைக்காரருக்கு இது புதிதல்ல. இரண்டாவது மட்டையை வீட்டுக்குள் வைத்தேன்.) இந்த மட்டை இல்லாவிட்டால் நான் நிச்சயமாகப் பிழையானதை வாங்கியிருப்பேன். இப்போது வருகிற சிங்குகள் பெரும்பாலும் பெட்டி மாதிரிச் சதுர மூலை. அப்பா காலத்து ஓட்டை நன்றாக வட்டம் கொடுத்த மூலை. சதுரச் சிங்கை அதற்கடியில் பிடித்தால் நாலு மூலையிலும் கல் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த நீட்டலின் அடியில் கை போகாது, சோறும் பாசியும் சேரும். சிங்கின் உள்வாய் ஓட்டையின் அளவாக இருக்கவேண்டும், அல்லது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பெரிதாக இருக்கவேண்டும். வெளி விளிம்பு அலுமாரியின் உட்புறத்துக்குள் அடங்கவேண்டும். கழிவுத் துளை பழைய குழாய்க்கு நேராக வரவேண்டும். இத்தனையும் பொருந்திய ஒன்று கடையின் பின்னறையில் தூசி படிந்து கிடந்தது, பழைய மாதிரி, வட்ட மூலை, 1.2 மில்லிமீற்றர் தகடு. மட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரே, "இது உங்களுக்காகத்தான் இருந்திருக்கு" என்றார்.

வேலையை ஜூன் வரைக்கும் தள்ளிப்போட்டேன். மழைக்காலம் முடிந்தபின்னும் அந்தக் கல்லின் அடி ஈரமாகவே இருந்தது. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வளவில் போட்ட துணி ஒரு மணித்தியாலத்தில் காயும், கல்லும் காயும். பசைக்கு எதிரி ஈரம். அதுவரைக்கும் பெயின்ற் வாளி தாங்கியது.

வேலை செய்து தந்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு நானா. ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் குளியலறை வேலை செய்திருந்தார். வந்ததும் அலுமாரிக்குள் படுத்து, கால்மணி நேரம் வெளியே வரவில்லை. அம்மா ஊற்றி வைத்த பிளேன்ரீ ஆறிப்போயிற்று. வெளியே வந்து, "கல்ல உடைக்கத் தேவல்ல தங்கச்சி. ஆனா அவசரப்பட ஒண்ணா. ரெண்டு நாள் வேல, ரெண்டு நாள் காயப் போடணும்" என்றார். அலுமாரியைத் திறந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். தேநீர் குடிக்கும்போது, பாலம் வருமுன் தன் வாப்பா கல்வேலைச் சாமான்களோடு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்து வந்து திருகோணமலையில் வேலை செய்துவிட்டுப் போவார் என்று சொன்னார். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் இவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்.

முதலில் தண்ணீரைப் பூட்டினோம். பிறகு சிங்கின் அடியிலிருந்த வளைகுழாயைக் கழற்றினோம். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிற கதவு. கழற்றியவுடனே குழாய் வாயில் நானா ஒரு பழந்துணியை அடைத்தார்.

பழைய சிலிக்கனை அறுக்க அவர் எடுத்தது கத்தியல்ல, தங்கூசி. மீன்பிடிக்கிற அதே நைலோன் நூல், தடிப்பானது. கத்தி கல்லின் விளிம்பைக் கொத்தும், உள்ளே முழு அகலத்துக்கும் போகாது. இடைவெளி விழுந்த முன்பக்கத்தால் நூலை உள்ளே விட்டு, ஒரு முனையை அவர் இரண்டு விரலில் சுற்றிக்கொண்டார், மறுமுனையை அலுமாரியின் மற்றப் பக்கத்தில் குந்தியிருந்த என்னிடம் தந்தார். மரம் அறுப்பது போல அவர் இழுக்க நான் விட, நான் இழுக்க அவர் விட, நூல் சிலிக்கனுக்குள் ஊர்ந்து போனது. சூடு ஏறினால் தங்கூசி அறுந்துவிடும், அதனால் நடுநடுவே சோப்புத் தண்ணீர் தொட்டார். இரண்டு தடவை அறுந்தது. வலது பின்மூலைக்கு வந்தபோது சிங்க் மெல்ல ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தத்தோடு இறங்கி, முட்டுக் கொடுத்திருந்த பலகையில் உட்கார்ந்தது. என் விரலில் நூல் பதிந்த சிவப்புக் கோடு சாயந்தரம் வரை இருந்தது.

இனித்தான் உண்மையான சிக்கல். கல்லுக்கு அடியில் பொருத்துகிற சிங்கின் விளிம்பு ஓட்டையைவிடப் பெரிது, அதனால் மேலால் வராது. முன்னால் எடுக்கலாமென்றால் அலுமாரியின் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை நிற்கிறது. கல் வைக்குமுன்பே சிங்கை உள்ளே இறக்கியிருக்கிறார்கள், வெளியே எடுக்கிற நாள் ஒன்று வரும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. நானா நடுக்கட்டையைக் கைவாளால் மேலும் கீழும் சரிவாக அறுத்து, ஒரு துண்டாகக் கழற்றி, அதன் முதுகில் 'மேல்' என்று எழுதிச் சுவரில் சாத்தினார். வேலை முடிந்தபின் அதே துண்டை அதே சரிவில் பொருத்தி, உட்பக்கத்தால் இரண்டு தகடு வைத்து ஸ்குறூ போட்டார். இன்றைக்கு நாலு ஸ்குறூவைக் கழற்றினால் அந்தக் கட்டை கையோடு வரும். அடுத்த சிங்க் மாற்றுகிறவருக்கு வேலை சுலபம்.

சிங்க் வெளியே வந்ததும் கல்லின் அடிவயிறு முதல்தடவையாக முழுதாகத் தெரிந்தது. ஆறு கொழுவிகளில் நாலு கறள் தூளாகக் கொட்டிப்போயிருந்தன. சாதாரண இரும்பு. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது முன்கீற்றில் இருந்தது. கல்லின் அடியில் நீளவாக்கில் ஒரு தவாளிப்பு வெட்டி, அதற்குள் ஒரு கம்பி வைத்துப் பிசினால் மூடியிருந்தார்கள். அந்தப் பிசின் நடுவில் விரிந்து, கம்பி இருந்த இடம் கபிலமாக ஊதியிருந்தது. நானா என்னை உள்ளே கூப்பிட்டு, விரலை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினார். அப்பம் மாதிரிப் பொங்கிச் சொரசொரப்பாக இருந்தது. பிறகு மேலே கூட்டிப்போய், அதே இடத்துக்கு நேரே, பளபளப்பான கல்லில் தலைமுடி அளவு ஒரு கபிலக் கோட்டைக் காட்டினார். அந்தக் கோட்டை மஞ்சள் கறை என்று நினைத்து அம்மா எத்தனையோ தடவை எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்.

சிங்க் ஓட்டைக்கு முன்னாலுள்ள கீற்று வளைந்து வெடிக்காமலிருக்க அடியில் கம்பி பதிப்பது நல்ல வேலைக்காரர் செய்கிற வேலை. ஆனால் அது கறள் பிடிக்காத கம்பியாக இருக்கவேண்டும், அல்லது கண்ணாடியிழைக் கம்பியாக. இரும்பு கறளாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், இடம் இல்லாவிட்டால் தானே பிளந்து எடுத்துக்கொள்ளும். கடற்கரை வீடுகளில் கொங்கிறீட் தட்டின் அடிப்பூச்சு வெடித்துக் கம்பி பல்லிளித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. கல்லைக் காக்க வைத்த கம்பியே கல்லை உள்ளிருந்து பிளந்துகொண்டிருந்தது.

அம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கம்பி வைக்கச் சொன்னது அவர்தான்" என்றார். "வேற காசு குடுத்து வைப்பிச்சவர். கல்லு வெடிக்கக் கூடாது எண்டு." பிறகு ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த நிமிடத்தில் அப்பாமேல் வந்த அன்பை எழுதத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், யாரும் பாராட்டப்போவதில்லை என்று தெரிந்தும், கூடுதலாகக் காசு கொடுத்து ஒன்றைச் செய்வித்திருக்கிறார். எந்தக் கம்பி என்று கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது, தெரிந்திருக்க வேண்டியவர் சொல்லவுமில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்: கல்லில் சிங்க் ஓட்டை வெட்டுகிறவரிடம், கம்பி வைக்கிறீர்களா, என்ன கம்பி, கொழுவி என்ன இரும்பு என்று கேளுங்கள். கடலோரம் இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

முதல் பாஸ் சொன்னபடி கல்லை நெம்பியிருந்தால் அது இந்த இடத்தில்தான் இரண்டாகியிருக்கும்.

கம்பியைத் தோண்டி எடுப்பதா என்று நானாவும் நானும் நிறைய நேரம் பேசினோம். கிரைண்டர் வைத்தால் அதிர்ச்சியிலேயே கோடு ஓடிவிடும் என்று அவர் பயந்தார். நானும் பயந்தேன். அதனால் ஊதிய பிசினை மட்டும் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, முழு இரவும் மின்விசிறி வைத்துக் காயவிட்டோம். மறுநாள் தண்ணீர் மாதிரி ஓடுகிற எபொக்சியை அந்தத் தவாளிப்புக்குள்ளும் வெடிப்புக்குள்ளும் விட்டார். காற்றும் ஈரமும் போகாவிட்டால் கறள் மெதுவாகும். முற்றாக நிற்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்தது பாரம். அலுமாரியின் முன்சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே கால் அங்குலம் வெளி இருந்தது. அதாவது அந்தக் கீற்று இத்தனை வருடமும் அந்தரத்தில் நின்று, அம்மா சாய்ந்து நிற்கிற பாரத்தையும் சேர்த்துத் தாங்கியிருக்கிறது. அந்த வெளி முழுக்க ஒரு வேப்பமரச் சட்டத்தைச் சீவிச் சீவி இறுக்கி அடித்து, பசை போட்டு நிறுத்தினார்.

கல்லின் அடியைத் துப்புரவாக்கியது நான். இரண்டரை மணித்தியாலம் மல்லாந்து படுத்து, பிளேட்டால் பழைய சிலிக்கனைச் சுரண்டினேன். புதிய சிலிக்கன் பழைய சிலிக்கனில் ஒட்டாது, ஒரு மெல்லிய தோல் மிஞ்சினாலும் அந்த இடம் மறுபடி விடும். கடைசியில் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கறுக்காமல் வரும்வரை துடைத்தேன். சிங்கின் விளிம்பையும் அரத்தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்தோம்.

பசை போடுமுன் ஒருதடவை வெறுமனே தூக்கிப் பொருத்திப் பார்த்து, மூலைகளில் பென்சிலால் குறி போட்டோம். எபொக்சி கலந்தபின் யோசிக்க நேரம் கிடையாது. கறள் பிடிக்காத கொழுவிகள் எட்டை எபொக்சியால் கல்லின் அடியில் ஒட்டினோம். விளிம்பைச் சுற்றி ஒரே ஓட்டமாகச் சிலிக்கன். சிலிக்கன் வாங்கும்போது நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்கினேன். வினாகிரி மணக்கிற மலிவான வகை காயும்போது அமிலம் விடும், இரும்புக் கம்பி புதைந்த கல்லுக்கு அடியில் அமிலம் எதற்கு? பிறகு ஓட்டைக்கு மேலே குறுக்கே ஒரு பலகை, சிங்கின் கழிவுத் துளைக்கு அடியில் இன்னொரு பலகை, இரண்டையும் கோத்து ஒரு நீளமான ஸ்குறூக் கம்பி. நட்டைத் திருகத் திருக, சிங்க் மேலே எழும்பி வந்து கல்லை முத்தமிட்டது. சுற்றிலும் சிலிக்கன் ஒரே சீராகப் பிதுங்கியது. நானா சோப்புத் தண்ணீரில் நனைத்த சுட்டுவிரலால் ஒரு மூலையில் தொடங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, விரலை எடுக்காமல் சுற்றி வந்து அதே மூலையில் முடித்தார். அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும்.

அதோடு விடவில்லை. சிங்கின் இரண்டு பக்கமும் விளிம்புக்கு அடியில் இரண்டு மரச்சட்டங்களை வைத்து, அலுமாரியின் பக்கச் சுவர்களில் கால் ஊன்றி நிறுத்தினார். "பச ஒட்டிக்கிட்டு இருக்கட்டும், பாரத்த மரம் தூக்கட்டும்" என்றார். முதலில் வைத்தவர்கள் பசையையே தூக்கச் சொல்லிவிட்டார்கள்.

சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து வெளியிலிருந்து உள்ளே காய்கிறது, ஒரு நாளில் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். மேலே தொட்டால் ஒட்டாது என்பதை நம்பி அன்று மாலையே தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. நாங்கள் இரண்டு நாள் முழுதாக விட்டோம். அந்த நாட்களில் அம்மா கிணற்றடியில் சின்னப் பலகைக் கட்டை போட்டு உட்கார்ந்து சட்டிபானை கழுவினார். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் கதை கேட்டு, கேட்டு முடித்து, தன் வீட்டுச் சிங்கின் அடியையும் வெளிச்சம் பிடித்துப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் நிரப்பினோம், விளிம்பு வரைக்கும். அலுமாரிக்குள் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். தாள் நனையவில்லை. அடைப்பை இழுத்து ஒரே தரமாக விட்டபோது வளைகுழாயின் ஒரு நட்டிலிருந்து ஒரு சொட்டு, அடுத்த சொட்டு. வாஷர் தலைகீழாக இருந்திருக்கிறது. திருப்பிப் போட்டதும் நின்றுவிட்டது. செலவைக் கேட்பவர்களுக்கு: சிங்க், சாமான், நானாவின் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதிய தட்டுக்கு அந்தக் கடை சொன்ன விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

நானா புறப்படுமுன் என்னிடமிருந்து பென்சிலை வாங்கி, முன்கீற்றின் மேலிருந்த அந்தக் கபிலக் கோடு எங்கே முடிகிறதோ, அந்த நுனிக்கு நேரே கல்லின் வெட்டு முகத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். மாதத்துக்கொருதரம் பார்க்கச் சொன்னார். தாண்டினால் கூப்பிடச் சொன்னார். ஈரக்கை பட்டு அழிந்துவிடாமலிருக்க அதன்மேல் நான் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டி, திகதி எழுதி வைத்திருக்கிறேன். அம்மா இப்போது அந்த இடத்தில் எலுமிச்சம்புளி போடுவதில்லை. நேற்று மாலை மீன் கழுவி முடித்துக் கல்லைத் துடைத்தபின், வெளிச்சம் பிடித்துக் குனிந்து பார்த்தேன். கோடு பென்சிலைத் தாண்டவில்லை.